ஜூலியா யாழ்ப்பாணத்துக்குத் தாங்குமா?

கேள்வி: இத்தாலியின் அல்ஃபா ரோமியோ ஜூலியா, 1960களின் மொடல், வாங்க ஆசை. யாழ்ப்பாணத்தில் வைத்து ஓட முடியுமா?

பதில்: ஆசை நியாயமானது. இத்தாலிய அழகு எங்கள் ஒழுங்கைகளுக்குப் புதிதுமல்ல. 1959இல் வந்த ஒஸ்ரின் கேம்பிரிஜ் இங்கிலாந்துக் கார். உருவம் கொடுத்தது இத்தாலியின் பினின்ஃபரீனா. 1990க்குப் பின் போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத காலத்தில், துளி பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியவை கேம்பிரிஜ் போன்ற எங்கள் பழைய கார்கள். எளிய எஞ்சின், எதையும் பொறுத்தது.

பெற்றோல் கிட்டத்தட்ட இல்லாமலே அவை ஓடின. ஜூலியாவுக்குத் தண்ணீரே நல்லதாக வேண்டும். அதன் எஞ்சின் அலுமினியம். எங்கள் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறியது. கேத்திலில் படியும் வெள்ளை றேடியேற்றரிலும் படியும். காய்ச்சி வடித்த நீரும் கூலன்ரும்தான் விட வேண்டும். உப்புக்காற்று இன்னும் பெரிய எதிரி: அடித்தகட்டைத் தட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள். இரட்டைக் கேம் எஞ்சினின் வால்வு இடைவெளி சரிபார்க்கத் தெரிந்த மெக்கானிக்கை முதலில் தேடுங்கள். கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள். கிடைக்காவிட்டால் கேம்பிரிஜே போதும்.