சங்கத்துக்குக் கொடுத்தால் குற்றமில்லை

இந்தியாவில் ஒரு டாக்டர் தன் படிப்பைப் புதுப்பித்துக்கொள்ள ஐந்து ஆண்டுகளில் 30 மணி நேரம் ஒதுக்கினால் போதும் என்கின்றன 2002-ஆம் ஆண்டு மருத்துவ நன்னடத்தை விதிகள். ஆண்டுக்கு ஆறு மணி நேரம். தில்லியில் துவாரகாவிலிருந்து நொய்டாவுக்கு அலுவலக நெரிசலில் காரில் இரண்டு தடவை போய்வந்தால் கரைந்துவிடுகிற நேரம் அது. அந்த ஆறு மணி நேரத்தையும் சொந்தக் காசில், சொந்தச் சாப்பாட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர்களிடம் சொல்வது மரியாதைக் குறைவு என இந்த நாடு எப்போதோ முடிவு கட்டிவிட்டது. அதற்காகத்தான் மாநாடுகள் இருக்கின்றன.

கண் மருத்துவர்களின் மாநாட்டுக்கு மண்டபம் சின்னதாக இருந்தால் எப்படி? துவாரகா 25-ஆவது செக்டரில் யசோபூமி இருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று பிரதமர் திறந்து வைத்தது. முதல் கட்டத்துக்கு மட்டும் சுமார் 5,400 கோடி ரூபாய். பெரிய அரங்கில் ஆறாயிரம் பேர் உட்காரலாம். வாசலுக்கே மெட்ரோ வருகிறது. 1930-இல் தொடங்கிய அகில இந்தியக் கண் மருத்துவச் சங்கம் தன் 83-ஆவது ஆண்டு மாநாட்டை 2025 ஏப்ரலில் இங்கேதான் நடத்தியது. அந்த ஒரு மாநாட்டைப் பிடித்துக் குற்றம் சொல்வது என் வேலையில்லை. இதயம், எலும்பு, சிறுநீரகம், தோல் என்று எந்த உறுப்பின் பேரால் கூடினாலும் இந்த மாநாடுகள் ஒரே அச்சில் வார்த்தவைதான். கண்ணை எடுத்துக்கொண்டது, பார்க்க வேண்டியவர்களே பார்க்காமல் இருப்பது இங்கே கொஞ்சம் கூடுதலாக உறுத்துவதால்.

அச்சு இதுதான். உள்ளே நுழைந்ததும் கழுத்தில் ஒரு பட்டை மாட்டுவார்கள். அதில் தொங்கும் அட்டையில் டாக்டரின் பெயர். பட்டை நெடுக மருந்துக் கம்பெனியின் பெயர். வகுப்புக்குப் போகும் வழி ஸ்டால்களுக்கு நடுவே போகும், காப்பியும் ஸ்டாலில்தான் கிடைக்கும். கொடுப்பவர்களுக்கு வருண அடுக்கு உண்டு: பிளாட்டினம், தங்கம், வெள்ளி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கம்பெனி அரங்கையே எடுத்துக்கொண்டு பாடமும் பிரியாணியும் ஒரே தட்டில் பரிமாறும். தமிழ்நாட்டிலிருந்து வந்த ரெப், தமிழ்நாட்டிலிருந்து வந்த டாக்டரை வராந்தாவில் பிடிப்பார்:

“சார், சாயங்காலம் அவசியம் வந்துடணும். உங்களுக்காகத்தான் டேபிள் போட்டிருக்கோம்.”

“லெக்சர் இருக்காப்பா?”

“பதினஞ்சு நிமிஷம்தான் சார். அதுவும் டின்னருக்கு முன்னாடியே முடிஞ்சிடும்.”

கல்வியின் நீளத்தைச் சொல்லித் தைரியப்படுத்த வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

இதற்கெல்லாம் தடை இல்லையா என்று கேட்பீர்கள். ஏன் இல்லை? 2009 டிசம்பரில் அப்போதைய இந்திய மருத்துவக் கவுன்சில் அழகான விதி ஒன்றைச் சேர்த்தது: மருந்துக் கம்பெனியிடமிருந்து டாக்டரோ டாக்டர்களின் சங்கமோ பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல், ரொக்கம் எதையும் வாங்கக் கூடாது. 2016 பிப்ரவரியில் அதே விதியைத் திருத்தி, எவ்வளவு வாங்கினால் எத்தனை மாதம் பதிவு பறிபோகும் என்று தண்டனைப் பட்டியல் போட்டார்கள். கடுமையாகத்தான் இருந்தது. அந்தக் கடுமையோடு கடுமையாக, விதியிலிருந்த ‘டாக்டர்களின் சங்கங்கள்’ என்ற சொற்களைச் சத்தமில்லாமல் உருவி எடுத்தும் விட்டார்கள். ஆக, ஒரு டாக்டர் தனியாக ஒரு பையை வாங்கினால் குற்றம். ஆயிரம் டாக்டர்கள் சேர்ந்து சங்கமாக நின்று மண்டபத்தையே வாங்கிக்கொண்டால் கல்விச் சேவை.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு முயற்சி நடந்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும், அது மிகச் சிறிய முயற்சியாக இருந்தாலும். மருத்துவக் கவுன்சிலின் இடத்துக்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்ட் 2 அன்று புதிய விதிகளை வெளியிட்டது. மருந்துக் கம்பெனிகள் நேராகவோ சுற்றி வளைத்தோ பணம் போடும் கருத்தரங்கு, பயிலரங்கு, மாநாடு எதிலும் டாக்டர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று அதில் இருந்தது. டாக்டர்களின் சங்கமும் மருந்து முதலாளிகளின் சங்கமும் சுகாதார அமைச்சரைப் போய்ப் பார்த்தன. ஆகஸ்ட் 23 அன்று, ‘மறு அறிவிப்பு வரும் வரை’ விதிகளை நிறுத்தி வைத்தார்கள். பிறந்து இருபத்தோராம் நாள். நம் ஊரில் பிள்ளைக்குத் தொட்டிலிட்டுப் பெயர் வைக்கிற பருவத்தில் இந்தப் பிள்ளைக்குப் பால் ஊற்றிவிட்டார்கள். மறு அறிவிப்பு இரண்டு ஆண்டு கழிந்தும் வரவில்லை. ஆணையத்தின் அலுவலகமும் அதே துவாரகாவில்தான் இருக்கிறது, 8-ஆவது செக்டரில். யசோபூமிக்கு ஆட்டோ பிடித்தால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

பதிலுக்கு 2024 மார்ச்சில் மருந்துத் துறை ஒரு நெறிமுறையைக் கொடுத்தது. அந்தத் துறை ரசாயனம் மற்றும் உர அமைச்சகத்தின் கீழ் வருவது. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. வெளிநாட்டில் மாநாடு கூடாதாம், உள்நாட்டில் முறையாக நடத்தினால் சரியாம். ஆயிரம் ரூபாய்க்கு மேற்படாத ‘நினைவூட்டுப் பொருள்’ தரலாமாம். மீறினால்? அந்தந்த மருந்துக் கம்பெனிச் சங்கத்தின் ஒழுக்கக் குழுவிடம் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்தவனைக் கொடுத்தவர்களே விசாரிப்பார்கள். மதுரைச் சங்கத்துக் கதையில் பொற்கிழி கொடுத்தவன் பாண்டியன், குற்றம் கண்டவன் நக்கீரன். எதிரே நின்றவர் நெற்றிக் கண்ணைத் திறந்தபோதும் நக்கீரன் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. தில்லிச் சங்கங்களில் கிழியும் தீர்ப்பும் ஒரே கையில் இருக்கின்றன. யாரும் எந்தக் கண்ணையும் திறக்க வேண்டிய அவசியம் எழவே இல்லை.

இந்த நெறிமுறையின் வீரத்துக்கு ஒரு சான்றும் உண்டு. ஆப்வீ என்ற கம்பெனி இளமை மீட்கும் மருத்துவ மாநாடுகளுக்கென்று முப்பது டாக்டர்களைப் பாரிசுக்கும் மொனாக்கோவுக்கும் அழைத்துப்போனது. செலவு 1.91 கோடி ரூபாய். 2024 டிசம்பரில் மருந்துத் துறை கம்பெனியைக் கண்டித்தது. ஆம், கண்டித்தது. கம்பெனியுடைய, டாக்டர்களுடைய வருமான வரியைப் பார்க்கச் சொல்லி ஒரு துறைக்கும், டாக்டர்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொல்லி ஆணையத்துக்கும் கடிதம் போனது. இதைவிட 2022-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் பேசியிருந்தது. சென்னை ஏபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனி, டாக்டர்களுக்குக் கொடுத்த பரிசுகளுக்கான 4.72 கோடி ரூபாயை வியாபாரச் செலவாகக் காட்டி வரிக்கழிவு கேட்டிருந்தது. தங்க நாணயம், ஃபிரிட்ஜ், டிவி, மாநாட்டுப் பயணம் என்று இந்த வியாபாரத்தில் கைமாறும் பண்டங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு, முடியாது என்றது நீதிமன்றம். இந்தப் பரிசுகளின் கடைசிச் செலவு மருந்துச் சீட்டு வாங்குகிற நோயாளியின் தலையில்தான் விழுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னது.

சரி, மண்டபம் யாருடையதாகவும் இருக்கட்டும், பாடம் ஒழுங்காக நடந்தால் போதாதா என்பார்கள் நல்லவர்கள். நல்லவர்கள் நிறையப் பேர் இந்த மாநாடுகளுக்குப் போகிறார்கள். உண்மையாகவே கற்றுக்கொள்ளவும் போகிறார்கள். ஆனால் எதை? விற்பவன் உள்ள பாடத்துக்கு மேடை உண்டு. விற்பவன் இல்லாத பாடம் கடைசி நாள் சாயங்காலம், எல்லோரும் விமான நிலையத்துக்குக் கிளம்பிய பிறகு, நாலாவது மாடி அறையில்.

கண்புரையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபெம்டோ லேசர் இயந்திரம் கோடிக்கணக்கில் விலை. 2020-இல் பிரான்சிலும் பிரிட்டனிலும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள், ஒலியலையால் புரையை உடைத்தெடுக்கும் வழக்கமான ஃபேகோ அறுவையைவிட அதனால் நோயாளிக்குப் பெரிய கூடுதல் பலன் எதுவும் இல்லை என்று காட்டின. மறுபக்கம், தையல் போடாமல் கையாலேயே செய்யும் சிறு கீறல் அறுவை. நேபாளத்தில் கண் மருத்துவர் சந்துக் ருயித்தின் குழு இதையும் ஃபேகோவையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்டது: பார்வை கிட்டத்தட்ட சமம், நேரம் ஒன்பது நிமிடத்துக்கு எதிராகப் பதினைந்தரை நிமிடம், பொருள் செலவு 15 டாலருக்கு எதிராக 70 டாலர். இரண்டில் எதற்கு மாநாட்டில் விளக்குப் போட்ட ஸ்டால் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? கையாலே செய்வதற்குக் கை மட்டும் போதும், கையை விற்க முடியாது.

மதுரை அரவிந்த் மருத்துவமனை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைக் கணக்கெடுத்து 2017-இல் ஒன்று சொன்னது. அறுவை முடிகிறபோது கண்ணுக்குள் கொஞ்சம் மாக்ஸிஃப்ளாக்ஸசின் செலுத்தினால், பத்தாயிரத்தில் ஏழு கண்ணைத் தாக்கிய உள்விழித் தொற்று இரண்டாகக் குறைகிறது. மலிவான மருந்து. இதற்கு மேளதாளத்தோடு இரவு விருந்து கொடுக்க எந்தக் கம்பெனி முன்வரும்?

வெள்ளெழுத்துக்கு வருவோம். நாற்பதைத் தாண்டிய எல்லோருக்கும் வருவது. அசாம் தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு சாதாரணக் கண்ணாடி கொடுத்தபோது வேலை 21.7 சதவீதம் கூடியதாக 2018-இல் ஓர் ஆய்வு சொன்னது. கண்ணாடிக்கு ஊசி போட வேண்டாம், பக்க விளைவு இல்லை, மூக்கில் தழும்பு மட்டும். அது போதவில்லை. 2024-இல் பிரெஸ்வியூ என்று ஒரு சொட்டு மருந்து வரப்போவதாக அறிவித்தார்கள். கண்ணாடியே தேவையில்லை, கால் மணி நேரத்தில் எழுத்து தெரியும் என்று நாடெங்கும் செய்தி அடித்தார்கள். செப்டம்பர் 10 அன்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதன் அனுமதியை நிறுத்தி வைத்தது. டாக்டர் சீட்டில் மட்டும் தர வேண்டிய மருந்தை யார் வேண்டுமானாலும் வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்பதுபோல விளம்பரப்படுத்தினார்கள் என்று. நிறுத்துவதற்குள் எத்தனை செய்தித்தாள் அச்சேறிவிட்டது!

உண்மையில் தில்லியின் கண்ணைப் பார்த்துக்கொள்வது யார்? சாந்தினி சௌக்கில் பல்லிமாரான் என்று ஒரு தெரு. கவிஞர் காலிப் வாழ்ந்த காசிம் ஜான் சந்து அதில்தான் இருக்கிறது. தெரு நெடுகக் கண்ணாடிக் கடை. பீகாரிலிருந்து வந்த ரிக்‌ஷாக்காரரும் துணிக்கடைக் கணக்கப்பிள்ளையும் கண்ணைக் காட்டுகிற முதல் இடம் பல நேரம் இதுபோன்ற கடைதான். அங்கே லென்ஸ் மாட்டிப் பார்க்கும் பையனுக்கு யார் வகுப்பு எடுக்கிறார்கள்? ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்து வருகிற கண்களையெல்லாம் பார்க்கும் கண் மருத்துவ உதவியாளருக்கு? ஆப்டோமெட்ரிஸ்டுகளையும் உள்ளடக்கி ஒரு சட்டம் வரவே 2021 ஆனது. சென்னையில் ஆப்டோமெட்ரி பட்டப்படிப்பு தொடங்கியது 1985-இல். முப்பத்தாறு வருஷம் பட்டம் இருந்தது, கேள்வி கேட்க ஆளில்லை. இவர்கள் லட்ச ரூபாய் லென்ஸ் எழுதிக்கொடுப்பதில்லை. ஆகவே இவர்களுக்கு டேபிள் போடுவாரும் இல்லை.

டாக்டர்கள் பெற்ற மணி நேரத்தைக் கணக்கு வைக்கவாவது ஒருவர் இருக்கிறாரா என்றால், தில்லி மருத்துவக் கவுன்சில் இருந்தது. பதிவாளரின் பதவிக்காலத்தை முறையின்றி நீட்டித்ததாகப் புகார் எழுந்து, அதைக் கலைக்க 2025-இல் துணைநிலை ஆளுநர் ஒப்புதல் கொடுத்துவிட்டார். வாத்தியாருக்கே டி.சி. கொடுத்தாயிற்று.

இனிச் சிரிப்பு வரவில்லை. 2008-இல் பெரம்பலூரில் இலவச முகாம் அறுவைக்குப் பிறகு 66 பேருக்குப் பார்வை போனது. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்து ஏழைகள். 2021 நவம்பர் 22 அன்று பீகார் முசாபர்பூரில் ஒரே நாளில் 65 பேருக்குக் கண்புரை அறுவை செய்தார்கள். அதில் பதினைந்து பேருக்கு மேல் கண்ணையே தோண்டி எடுக்க வேண்டியதாயிற்று. அறுவை அரங்கில் கிருமி இருந்தது. கருவியை வேக வைப்பது, அரங்கைத் துடைப்பது, ஒரு நாளில் எத்தனை பேரோடு நிறுத்த வேண்டும் என்று எண்ணத் தெரிவது: முழுசும் சேர்த்து அரை நாள் பாடம். முப்பது மணி நேரத்தில் அதற்கு எத்தனை மணி நேரம்?

அடுத்த மாநாட்டுக்கு நான் ஓர் அமர்வை முன்மொழிகிறேன். கடைசி நாள் சாயங்காலம் வேண்டாம். முதல் நாள் காலை, பெரிய அரங்கு, அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றிய கையோடு. பேச்சாளர்கள் பெரம்பலூரில் இருந்தும் முசாபர்பூரில் இருந்தும் வருவார்கள். ரயில் டிக்கெட்டை எந்தக் கம்பெனியும் எடுக்க வேண்டாம். ஸ்லைடு எதுவும் கொண்டுவர மாட்டார்கள். நேரம் முடிந்ததென்று பேச்சாளருக்குக் காட்ட மேடை விளிம்பில் ஒரு சிவப்பு விளக்கு வைப்பீர்களே, அதை அவர்களுக்குக் கண் போன பக்கத்தில் வையுங்கள். பேசி முடிக்கட்டும்.