ஃபோர் வீல் டிரைவ் கர்வம்: ஒரு நில அளவை ஆய்வு

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் எஞ்சினின் விசை நான்கு சக்கரங்களுக்கும் பிரிந்து போகிறது. மிச்சம் உரிமையாளரின் மீசைக்குப் போகிறது. முதற்பகுதியைப் பொறியாளர்கள் அளந்து முடித்துவிட்டார்கள். இரண்டாவதை அளப்பதே இவ்வாய்வின் நோக்கம். வருவாய்த் துறை நிலத்தைப் பிரிப்பதுபோல, இக்கர்வத்தையும் நஞ்சை, புஞ்சை எனப் பிரித்துக்கொள்கிறோம்.

நஞ்சைக் கர்வம் சேற்றில் விளைவது. இவ்வகையினர் தம் பழைய லேண்ட் ரோவரைக் கழுவமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அப்பிய சேறு வெள்ளிக்கிழமை வரை அலுவலக வாசலில் காட்சிக்கு நிற்கும். ஏசி இல்லை, சீட் முதுகை ஒடிக்கிறது, மழை உள்ளேயும் பெய்கிறது என்பவற்றையெல்லாம் பதவி உயர்வு வந்த முகத்தோடு சொல்வார்கள்.

புஞ்சைக் கர்வத்துக்கு ஈரம் ஆகாது. தம் ரேஞ்ச் ரோவர் 900 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கிக் கடக்கும் என்பார் உரிமையாளர். உண்மைதான். ஆனால் தெருமுனையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றால், "சுத்திப் போப்பா" என்று டிரைவரிடம் சொல்வார். செங்குத்து மேட்டில் ஏற உதவும் லோ ரேஞ்ச் கியர் அவர் வண்டியில் உண்டு. அதைப் போட்டுப் பார்த்தாரா என்று கேட்பது, களப்பணியில் நாங்கள் கற்றவரை, மரியாதையல்ல.

இரு சாராரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதுதான் சங்கடம். ரோவர் நிறுவனத்தின் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் தம் பண்ணை வேலைக்கு ஒரு பழைய அமெரிக்க ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அதற்கு மாற்றாக அவர் யோசித்த வண்டிதான் 1948 ஏப்ரலில் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சிக்கு வந்த லேண்ட் ரோவர். போர் முடிந்த பஞ்சத்தில் எஃகு ரேஷனில் கிடைத்ததால் உடம்பை அலுமினியக் கலவையில் செய்தார்கள். ராணுவத்தில் மிஞ்சிய பச்சைப் பெயிண்டை அடித்தார்கள். நஞ்சைக்காரர்கள் இன்று வீரத்தின் அடையாளமாகத் தடவிக்கொடுக்கும் அந்தப் பச்சை, தட்டுப்பாட்டின் நிறம்.

1970-இல் அதே நிறுவனத்தில் ரேஞ்ச் ரோவர் பிறந்தது. அதன் உட்புறம் வினைல் சீட்டும் பிளாஸ்டிக் டேஷ்போர்டுமாக இருந்தது. சேற்றுக் காலோடு ஏறி, பிறகு ஹோஸ் பைப்பால் உள்ளேயே தண்ணீர் பீய்ச்சிக் கழுவலாம். புஞ்சைக் குடும்பத்தின் இந்த மூதாதையைப் பற்றி ஷோரூமில் யாரும் வாய் திறப்பதில்லை. 2008 முதல் இந்தக் குடும்பம் மொத்தமும் டாடாவின் கையில் இருக்கிறது.

மேற்கு வங்கத்தின் மானேபஞ்சனில் ஆய்வு இடறுகிறது. அங்கிருந்து 3,636 மீட்டர் உயரத்துச் சந்தக்ஃபூவுக்கு, 1950களின் லேண்ட் ரோவர்கள் பயணிகளை ஏற்றிக்கொண்டு மலையேறி வந்திருக்கின்றன. பலவற்றின் வயிற்றில் இப்போது மஹிந்திரா எஞ்சின். நஞ்சைக்காரர் இதைக் கேட்டால் துக்கம் அனுஷ்டிப்பார். ஆனால் ஓட்டுபவருக்குப் பிரேக் பிடிக்க வேண்டும், சவாரி கிடைக்க வேண்டும். கரடுமுரடான மலைப்பாதையில் ஓட்டிப் பிழைப்பவரிடம் கர்வத்தை அளக்கப் போனால், அவர் முதலில் வாடகையைத்தான் பேசுவார். ஆகவே மானேபஞ்சனைத் தரிசு எனப் பதிந்தோம். வண்டியை எவ்வளவு ஓட்டுகிறோமோ அவ்வளவு கர்வம் தேய்கிறது என்பது இங்கே கிடைத்த விதி. தேய்மானக் கணக்கில் டயருக்கு அடுத்த வரிசையில் இதையும் சேர்க்கலாம்.

இந்த விதியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் 2005-இல் இங்கிலாந்தில் சேற்றைப் புட்டியில் அடைத்து விற்றார்கள். நகரத்தை விட்டு நகராத வண்டிமேல் அதைப் பீய்ச்சிக்கொண்டால், வார இறுதியில் காட்டுக்குப் போய்வந்த தோற்றம் கிடைக்கும். விலைக்கு வாங்கிய சேற்றை நஞ்சையில் சேர்ப்பதா, புஞ்சையில் சேர்ப்பதா என்று ஆய்வுக் குழுவில் அடிதடி வராத குறை. சொந்தக் கிணறு வெட்டி இறைத்தாலும் புஞ்சை புஞ்சைதான் என்ற பட்டா மரபைப் பின்பற்றி, அவ்வண்டிகளைப் புஞ்சையிலேயே வைத்திருக்கிறோம். ஆட்சேபம் உள்ளவர்கள் வண்டியோடு நேரில் வரலாம், சேறு சோதிக்கப்படும்.