கச்சான் கலந்த கச்சேரி

யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில் ஊருக்கு ஒரு கோயில் இருப்பதுபோல ஊருக்கு ஒரு கசெற் மாஸ்டரும் இருப்பார். வேலணையில் என்றால் இளைப்பாறிய ஆசிரியர். ஊர்காவற்றுறையில் என்றால் இளைப்பாறிய தபாலதிபர். நெடுந்தீவில் என்றால் இன்னும் இளைப்பாறாத சங்கக்கடை மனேச்சர். உத்தியோகம் மாறும், கசெற் அலுமாரி மாறாது. நான் நயினாதீவு மாஸ்டரையே எடுத்துக்கொள்கிறேன். அவரிடம் அகப்பட்டவரைக் காப்பாற்றக் குறிகட்டுவானுக்குப் போகும் கடைசிப் படகாவது உண்டு.

அலுமாரியைத் திறந்ததும் முதலில் வருவது வேப்பிலை மணம். உப்புக்காற்று பட்டால் திருகாணி துருப்பிடிக்கும், நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூக்கும். ஆகவே ஒவ்வொரு கசெற்றும் பொலித்தீன் பையில். பையில் ஒரு இலக்கம், அந்த இலக்கத்துக்குச் சி.ஆர். கொப்பியில் ஒரு வரி.

“தொடாதையும் தம்பி. கேளும், நான் எடுத்துத் தாறன்.”

எடுப்பார். தரமாட்டார்.

மேல்தட்டில் விபுலாநந்தரின் ‘யாழ் நூல்’ இருக்கிறது. 1947இல் திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அது அரங்கேறியதை முன்வரிசையில் இருந்து பார்த்தவர் போலச் சொல்வார். அப்போது மாஸ்டர் பிறக்கவேயில்லை. அடிகளார் பிறந்தது கிழக்கிலங்கைக் காரைதீவில். எங்கள் காரைநகருக்கும் ஒருகாலம் அதே பெயர் என்பதால், “அவரும் எங்கட தீவுப்பக்கம்தானே?” என்று யாராவது கேட்டால் மாஸ்டர் மறுப்பதில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். நூலில் முகவுரைக்கு அப்பால் அவர் விரல்பட்ட அடையாளம் இல்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. முகவுரை வரைக்கும் வந்தவர்களே இந்தப் பக்கத்தில் குறைவு.

படங்களில் அவருக்கு ஒன்றுதான் படம். 1968இல் வந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ வீடியோக் கசெற்றாக, வீ.சீ.டி.யாக, டீ.வீ.டி.யாக இருக்கிறது. சிவாஜி வாயில் நாகசுரத்தை வைத்ததும் இவர் படத்தை நிறுத்துவார். “ஊதிறது ஆர்?” விருந்தாளி முழிக்கவேண்டும். அதுதான் முறை. “மதுரை சேதுராமன், பொன்னுசாமி!” விடை தெரிந்தவர்கள் அந்த வீட்டுக்கு இரண்டாம் முறை அழைக்கப்படுவதில்லை. செங்கை ஆழியானின் நாவலை வைத்து எடுத்த ‘வாடைக்காற்று’ இருக்கிறதா என்று கேட்டால் முகம் சற்று வாடும். “கதை நடக்கிறது நெடுந்தீவிலை. படம் கொழும்பிலை ஒருத்தரிட்டை.” அந்த ஒருத்தர் யார் என்பது கொப்பியிலும் இல்லை.

ஆனால் மாஸ்டரின் உண்மையான சொத்து இவையல்ல. அதை அறிய அவர் வானொலியில் இருந்து பிடித்த கசெற்றுகளைக் கேட்கவேண்டும். பாட்டின் தொடக்க இசை முழுவதிலும் அறிவிப்பாளர் கே.எஸ்.ராஜாவின் மின்னல்வேகக் குரல் ஓடும். கடைசி வரியில் விளம்பரம் வந்து விழும். ‘சுத்தமான’ பதிவைப் போட்டுக் காட்டினால், “இதிலை ராஜாவைக் காணேல்லையே, இது போலி” என்பார். 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் தனியாவர்த்தனம் ஒன்று இருக்கிறது, ஏதோ ஒரு திருவிழாவில் யாரோ பிடித்தது. நடை மாறும் இடத்தில் ஒருவன் “கச்சான், கச்சான்” என்று கூவிக்கொண்டு போவான். மாஸ்டர் கையை உயர்த்துவார். நாம் தவிலுக்குத் தலையாட்டத் தயாராவோம். “உவனைக் கேட்டீரே? சரியாச் சமத்திலை வந்து விழுறான்!” நான் நாலு தடவை கேட்டிருக்கிறேன். உண்மையாகவே சமத்தில்தான் விழுகிறான்.

தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. யாழ்ப்பாணம் முழுக்கச் சைக்கிள் டைனமோவில்தான் பாட்டுக் கேட்டது. இடம்பெயர்ந்து போன வீட்டின் விறாந்தையில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மருமகன் பெடலைச் சுற்ற, மாஸ்டர் கண்ணை மூடியிருப்பார். பெடியன் களைத்தால் சுசீலா மெல்ல மெல்ல ரி.எம்.எஸ். ஆகிவிடுவார். அந்தச் சுசீலாவையும் வேறொரு கசெற்றில் பிடித்து வைத்திருக்கிறார். கொப்பியில் பாடகர் பெயருக்குப் பக்கத்தில் பெடல் சுற்றியவர் பெயரும் உண்டு.

அந்த மருமகன் இப்போது கனடாவில். போன ஆனித் திருவிழாவுக்கு நாகபூசணி அம்மனிடம் வந்தவர், மாமனுக்கு ஒரு பென்டிரைவ் கொண்டுவந்தார். விரல்நகம் அளவுதான், அலுமாரி முழுவதையும் விழுங்கிவிட்டு இன்னும் இடம் வைத்திருக்கும். மாஸ்டர் ஒரு மணித்தியாலம் கேட்டார். முகத்தில் சந்தேகம்.

“வடிவாய்த்தான் இருக்கு தம்பி. ஆனால் ஆக்களில்லாத கோயிலிலை கச்சேரி வைச்ச மாதிரிக் கிடக்கு.”

மறுநாள் மச்சானின் கலியாண வாழ்த்துரையை ஒரு கசெற்றிலிருந்து அழித்தார். விறாந்தையில் பென்டிரைவைப் பாடவிட்டு, பழைய ரேப் றெக்கோடரை எதிரே வைத்துச் சிவப்புப் பொத்தானை அமத்தினார். எம்.எஸ். சுப்புலட்சுமி ஆலாபனையில் ஏறிக்கொண்டிருந்தபோது குசினியிலிருந்து, “இஞ்சருங்கோ, சோறு ஆறுது!” என்று குரல் வந்தது. மருமகன் நிறுத்தப் போனார். மாஸ்டர் அவர் கையைத் தட்டிவிட்டார்.

கொப்பியில் புதிய வரி: “எம்.எஸ்., ஆலாபனை. உடன்: மனிசி, இரண்டு காகம்.”