ஸ்டெபிலைசர் வாங்கட்டுமா?

நீலத்திரையால் நொந்தவன், திருச்சி: 4.5 கிகாஹெர்ட்ஸில் ஓடிக்கொண்டிருந்த பிராசசரை ஓவர்கிளாக் செய்து 4.9-க்கு ஏற்றினேன். அரை மணிக்கு ஒரு முறை தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. அப்பாவின் கடைக் கணக்கும் இதில்தான் இருக்கிறது. 'மெஷின் ஸ்டேபிளாக இல்லை' என்கிறான் நண்பன். ஸ்டெபிலைசர் வாங்கட்டுமா?

வாங்குங்கள், ஃபிரிட்ஜுக்கு ஆகும். சுவரில் வரும் 230 வோல்ட்டை எஸ்எம்பிஎஸ் 12 வோல்ட் ஆக்குகிறது. மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி இருக்கும் விஆர்எம் அதை 1.2, 1.3 வோல்ட் என்று இறக்கிப் பிராசசருக்கு ஊட்டுகிறது. உங்கள் வில்லங்கம் அந்தக் கடைசி 0.1 வோல்ட்டில் இருக்கிறது. வேகம் கூடினால் டிரான்சிஸ்டர்கள் அடுத்த துடிப்பு வருவதற்குள் 0-விலிருந்து 1-க்கு மாறியாக வேண்டும். வோல்ட்டேஜ் போதாவிட்டால் சில மாறும், சில நேரத்துக்கு வந்து சேராது. கணக்கு தப்பும். தப்பியது தெரிந்தால் விண்டோஸ் நீலத்திரை காட்டும். தெரியாவிட்டால்? அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்லாதீர்கள், கீழே வருகிறேன்.

அதே நொந்தவன், அடுத்த வாரம்: வேகம், வோல்ட்டேஜ், ரேமின் எக்ஸ்எம்பி மூன்றையும் ஏற்றியிருக்கிறேன். தப்பு எதில்?

சாம்பாரில் அம்மா, அக்கா, பாட்டி மூவரும் தனித்தனியாக உப்புப் போட்டுவிட்டுப் போன வீடு உங்களுடையது. யார் போட்டது அதிகம் என்று ருசி பார்த்துச் சொல்ல முடியாது. மறுபடி உலை வைக்க வேண்டியதுதான்.

பயாஸுக்குள் போய் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்குக் கொண்டுவாருங்கள். அப்போதும் ரீஸ்டார்ட் ஆனால் குற்றவாளி ஓவர்கிளாக் அல்ல. எஸ்எம்பிஎஸ்ஸையோ ரேமையோ சந்தேகப்படலாம். ஒழுங்காக ஓடினால், ரேமை அதே நிலையில் வைத்துவிட்டு பிராசசரின் பெருக்கியை மட்டும் ஒவ்வொரு படியாக ஏற்றுங்கள். அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி 46 என்றால் 4.6 கிகாஹெர்ட்ஸ். எந்தப் படியில் தடுக்குகிறதோ அங்கே வோல்ட்டேஜைச் சிட்டிகையாகக் கூட்டுங்கள், 0.01, 0.02 என்று. பிராசசர் அடங்கிய பிறகுதான் ரேமின் வேகத்தை ஏற்றும் எக்ஸ்எம்பி. அது ஏதோ தொழிற்சாலை கொடுத்த வரம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுவும் ஓவர்கிளாக்தான். ஒவ்வொரு மாற்றத்தையும் பழைய நோட்டில் பேனாவால் எழுதுங்கள். அந்த மெஷினிலேயே எழுதி வைத்தால் அது போகும்போது குறிப்பும் கூடவே போகும்.

இன்னொன்று. பயாஸில் 1.30 என்று வைத்திருப்பீர்கள், முழு வேலை கொடுத்தால் 1.22-க்கு இறங்கியிருக்கும். இந்தச் சரிவைக் குறைக்க லோடு லைன் காலிபரேஷன் என்று ஒரு அமைப்பு உண்டு. உச்சியில் வைத்துவிடாதீர்கள். வேலை சட்டென்று நின்றதும் வோல்ட்டேஜ் ஒரு கணம் எகிறும். நடுவில் வைப்பதே நல்லது.

அவசரக்காரர், மதுரை: நீலத்திரையில் ஏதோ எழுதியிருக்கிறது. படிப்பதற்குள் போய்விடுகிறது.

போனால் போகட்டும், விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் பதிவாகியிருக்கும். 'வீயா அன்கரெக்டபிள் எரர்', 'க்ளாக் வாட்ச்டாக் டைம்அவுட்' என்றால் பெரும்பாலும் பிராசசருக்கு வோல்ட்டேஜ் போதவில்லை. 'மெமரி மேனேஜ்மென்ட்' என்றால் முதலில் ரேமைப் பாருங்கள். 'கெர்னல் பவர் 41' என்று மட்டும் இருந்தால் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. மெஷின் முறையாக அணையாமல் நின்றுபோனது என்பதுதான் அதன் பொருள். அது உங்களுக்கே தெரியும்.

வெந்து தணிபவர், வேலூர்: ஜனவரியில் ஒழுங்காக ஓடிய ஓவர்கிளாக் மே மாதம் படுத்துவிடுகிறது. மெஷினுக்கும் கத்திரி வெயில் உண்டா?

உண்டு. ஹீட்சிங்க் வெப்பத்தை அறைக் காற்றில்தான் கொட்டுகிறது. அறை 12 டிகிரி ஏறினால் பிராசசரும் ஏறத்தாழ 12 டிகிரி ஏறும். பல இன்டெல் பிராசசர்கள் 100 டிகிரியில் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதைத் தொடுவதற்கு முன்பே, சூட்டில் கூடுதல் வோல்ட்டேஜ் தேவைப்பட்டு, விளிம்பில் நின்ற அமைப்பு விழுந்துவிடும்.

கூடவே ஒரு கணக்கு. பிராசசர் தின்னும் மின்சாரம் வேகத்தின் விகிதத்தில் கூடும். வோல்ட்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் கூடும். 4.5-லிருந்து 4.9-க்குப் போக, வோல்ட்டேஜை 1.20-லிருந்து 1.35-க்கு ஏற்றினால், 9 சதவீத வேகத்துக்கு 38 சதவீத வாட் கொடுக்கிறீர்கள். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். 0.05 வோல்ட்டும் ஒரு படி பெருக்கியும் பிடுங்கிப் பாருங்கள். தெர்மல் பேஸ்ட்டையும் புதுப்பியுங்கள். சுவரோடு ஒட்டி வைத்திருந்தால் நகர்த்துங்கள்.

குழம்பியவர், கோவை: ரைசன் பிராசசரில் கர்வ் ஆப்டிமைசரை மைனஸ் 30 வைத்தேன். இரவு முழுக்க ஸ்ட்ரெஸ் டெஸ்ட், ஒரு பிழை இல்லை. காலையில் டீ குடித்துக்கொண்டே பேப்பர் படித்தபோது செத்துவிட்டது!

சும்மா இருக்கும்போதுதான் அது தவறும். எல்லாக் கோர்களுக்கும் சுமை ஏற்றினால் அவை வேகத்தை அடக்கி வாசிக்கும். சுமை இல்லாத நேரத்தில் ஏதாவது ஒரு சின்ன வேலை வந்தால், ஒரே கோர் உச்ச வேகத்துக்குப் பாயும். மைனஸ் 30 என்று நீங்கள் வோல்ட்டேஜைக் கழித்தது அந்த உச்சத்திலும்தானே. ஒவ்வொரு கோரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எல்லாக் கோருக்கும் ஒரே எண் பொருந்தாது. பெரும்பாலும் நல்ல கோர்தான் முதலில் கவிழும், உச்சிக்குப் போவது அதுதான்.

தைரியசாலி, சென்னை: கேம் நன்றாக ஓடுகிறது. பிறகு ஏன் டெஸ்ட் எல்லாம்?

கேமில் ஒரு புல்லின் நிறம் மாறினால் உங்களுக்குத் தெரியாது. கடைக் கணக்கில் ஒரு எண் மாறினாலும் தெரியாது, அங்கேதான் விஷயம். பிரைம்95 என்ற மென்பொருள் 1996-லிருந்து மெர்சென் பகா எண்களைத் தேடும் திட்டத்துடையது. தப்பான கணக்கு போடும் மெஷின் அந்தத் தேடலுக்கு உதவாது. அதனால் விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்து ஒப்பிடும் ஒரு சோதனையை அதில் வைத்தார்கள். ஓவர்கிளாக் செய்பவர்கள் அதைக் கடன் வாங்கிக்கொண்டார்கள். நானும் ஒரு காலத்தில் உங்களைப் போல் தைரியசாலி. மூன்று மாதம் ஒரு நீலத்திரைகூட வரவில்லை. ஒருநாள் பழைய படங்களைச் சுருக்கி வைத்த கோப்பைத் திறந்தேன், பாதி திறந்தது. காப்பியும் அதே மெஷினில் எடுத்ததுதான்.

அப்பாவி, சேலம்: நான் எதையும் தொடவே இல்லை. 14-ஆம் தலைமுறை ஐ9. கேம் திறந்தாலே விழுகிறது. என்ன பாவம் செய்தேன்?

வாங்கியது ஒன்றுதான். இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பலவற்றில் தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் ஏறி, உள்சுற்று காலப்போக்கில் தேய்ந்தது. ஓடுவதற்குத் தேவையான குறைந்தபட்ச வோல்ட்டேஜே கூடிப்போனது. 2024 ஆகஸ்டில் பயாஸ் வழியாக மைக்ரோகோட் திருத்தம் விட்டார்கள், பிறகும் விட்டார்கள். தேய்ந்ததை அது திருத்தாது. உத்தரவாதத்தை 2 ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள். பில்லைத் தேடுங்கள்.

இருட்டில் இருப்பவர், நெல்லை: சேவ் செய்தேன். அதன்பின் திரையே வரவில்லை.

கரண்டைப் பிடுங்கிவிட்டு, மதர்போர்டில் உள்ள காசு போன்ற பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிப் போடுங்கள். பயாஸ் டீஃபால்ட்டுக்கு வரும்.

பழையவர், புதுச்சேரி: இந்தக் காலத்தில் ஓவர்கிளாக் தேவையா?

1998-ல் செலரான் 300ஏ வந்தது. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸை 100 ஆக்கினால் 300 மெகாஹெர்ட்ஸ் சிப் 450-ல் ஓடும். 50 சதவீதம் இலவசம்! இன்றைய பிராசசர் அந்த மிச்சத்தையெல்லாம் பூஸ்ட் என்ற பெயரில் தானே எடுத்துக்கொள்கிறது. நமக்கு விடுவது சொற்பம். ஆசைக்குச் செய்யுங்கள், நானும் செய்கிறேன். திருச்சிக்காரர் மட்டும் முதலில் அப்பாவின் கணக்கை வேறொரு மெஷினுக்கு மாற்றிவிட்டு எனக்கு எழுதவும்.