வேற்று வீட்டுத் துயிலின்மை: ஓர் அரைத்தூக்க ஆய்வு

1. ஆய்வின் தேவை

'நித்திரை சுகம் அறியாது' என்றனர் முன்னோர். சொன்னவர் சொந்த வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டுதான் சொல்லியிருக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் துணிபு. உறவினர் வீட்டில் ஓர் இரவு தங்கிய எவரும் இப்பழமொழியை ஒப்பமாட்டார். மெத்தை நம் வீட்டு மெத்தையைவிட நன்றாகவே இருக்கும். தலையணை உறை அன்றுதான் பீரோவிலிருந்து எடுத்தது, அந்துருண்டை மணக்கும். படுத்தவர் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். விடிந்ததும் "நல்லாத் தூங்குனீங்களா மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்க, "பிரமாதமாத் தூங்குனேன் அத்தை" என்பார். இந்த ஒரு பொய், இத்துறையின் தரவுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கெடுத்து வந்திருக்கிறது.

2. முன்னாய்வுகள்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில், மருட்கை எனப்படும் வியப்பு நான்கால் பிறக்கும் என்கிறார்: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். புதுமைக்கே முதலிடம். ரஷ்ய உடலியல் அறிஞர் பாவ்லவ் இதை நாயிடம் கண்டார். ஓசை கேட்டதும் எச்சில் ஊறப் பழகிய நாய், அறைக்குள் புது ஆள் நுழைந்தால் எச்சிலை மறந்து காதை நிமிர்த்தித் திரும்பிவிடும். இதை அவர் 'அது என்ன?' அனிச்சை என்றார்.

1966இல் ஆக்நியூ, வெப், வில்லியம்ஸ் என்ற மூவர், தூக்க ஆய்வுக்கூடத்தில் முதல் நாள் படுப்பவர்கள் ஒழுங்காகத் தூங்குவதில்லை என்று மூளை அலைப் பதிவுகளால் காட்டி, இதற்கு 'முதல் இரவு விளைவு' என்று பெயர் சூட்டினர். தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்டிருந்தால் வேறு பெயர் வைத்திருப்பார்கள்.

2016இல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்தில் மசாகோ தமாகி, யூகா சசாகி குழுவினர் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தனர். புது இடத்தில் முதல் இரவு, மூளையின் இடப்பாதி வலப்பாதியளவு ஆழ்ந்து உறங்குவதில்லை. டால்பின் பாதி மூளையால் உறங்கிப் பாதியால் விழித்திருக்கும். மனிதனும் அன்று ஒருவகையில் அந்த இனமே. இடப்பாதியோடு தொடர்புடைய வலக்காதில் சிற்றோசை விழுந்தாலும் தூக்கம் கலைகிறது. ஒரு வாரம் கழித்து அதே இடத்தில் படுக்கவைத்தபோது இந்த வேறுபாடு காணப்படவில்லை.

3. கள ஆய்வு

களம்: மாமனார் வீடு. மாதிரி: ஒருவர். கருவி: இரு காதுகள்.

தமாகி குழுவின் முடிவைப் பயன்படுத்தி, வலக்காதைத் தலையணையில் புதைத்துப் படுத்தேன். இடக்காதின் வழியே மாமனாரின் குறட்டை தங்குதடையின்றி வந்தது. எனவே மருட்கையின் நான்கு நிலைக்களன்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்கலானேன். புதுமை: எட்டு சுவிட்ச் கொண்ட பலகை, எதை அமுக்கினாலும் வேறெங்கோ விளக்கு எரிந்தது. பெருமை: கால்மணிக்கொரு தரம் பாட்டிசைக்கும் சுவர்க்கடிகாரம். சிறுமை: காலை மூடினால் தோளையும், தோளை மூடினால் காலையும் கைவிடும் போர்வை. ஆக்கம், அதாவது ஒன்று இன்னொன்றாதல்: ஆணியில் தொங்கிய சட்டை, ஜீரோ வாட்ஸ் வெளிச்சத்தில் ஆளாயிற்று.

பின்னிரவில் கழிவறைக்கு எழுந்தபோது ஆய்வு அச்சத்துக்கு விரிந்தது. அச்சத்துக்குத் தொல்காப்பியர் சொல்லும் காரணங்களும் நான்கு: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. நான்கும் ஒரே நடைவழியில் கிடைத்தன. அணங்கு, மேற்படி சட்டை. விலங்கு, அவ்வீட்டு நாய். பாவ்லவ் சொன்னபடியே காதை நிமிர்த்தியது. கள்வர் என்று அது கருதியது ஆய்வாளரை. குரைப்பு கேட்டு விளக்கைப் போட்டு வந்து நின்ற மாமனாரே இறை.

4. மறுதலைச் சான்று

அந்தக் கடிகாரத்தின் கீழேயே மாமனார் முப்பது ஆண்டுகளாகத் தூங்குகிறார். எப்படி? ரஷ்ய அறிஞர் சொக்கலோவ் விடை தருகிறார். திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு மூளை ஒரு படியெடுத்து வைத்துக்கொள்கிறது. வருவது படியோடு ஒத்துப்போனால் பேசாமல் விட்டுவிடும். ஒத்துப்போகாவிட்டால்தான் எழுப்பும். கல்யாண வீட்டு வாசலில் நிற்பவர் தெரிந்த முகங்களை உள்ளே விட்டுவிட்டுத் தெரியாதவரை மட்டும் "நீங்க யார் வீட்டுப் பக்கம்?" என்று கேட்பதில்லையா, அதுபோல.

வர வேண்டிய ஓசை வராமல் போனாலும் இதே கேள்வி எழும். சான்று வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. மின்வெட்டு ஏற்பட்டு ஃபேன் நின்றதும் மொத்த வீடும் எழுந்து உட்காருகிறது. வியர்வை அரும்பவே சில நிமிடங்கள் ஆகும், அதற்கு முன்பே "கரண்டு போயிடுச்சா?" என்ற குரல் வந்துவிடுகிறது. எழுப்பியது சத்தம் நின்றுபோன செய்தி.

5. கட்டுப்பாட்டுச் சோதனை

முறைப்படி எதிர்த்திசையிலும் சோதிக்க வேண்டுமல்லவா? மைத்துனர் எங்கள் வீட்டுக்கு வந்து ஓரிரவு தங்கினார். காலையில் கண்கள் சிவந்திருந்தன. தன் தாயாரைப் போலவோ என்னைப் போலவோ மரியாதை பார்ப்பவர் அல்லர்.

"ஏன் மாப்ளே, அந்த ஃபேன் ராத்திரி பூரா கத்துதே, எப்படித் தூங்குறீங்க?"

"எந்த ஃபேன்?" என்றேன். பதினோரு ஆண்டுகளாக அதன் அடியில்தான் படுத்திருக்கிறேன்.

அன்றிரவு முதல் எனக்கும் கேட்டது. சுற்றுக்கொரு தரம் 'கிரீச்'. நான்கு இரவுகள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் எலக்ட்ரீஷியன் வந்து பேரிங்கை மாற்றினார். ஃபேன் இப்போது ஓடுவதே தெரியவில்லை. சொக்கலோவின் கூற்று அன்றிரவே மெய்ப்பட்டது: பதினோரு ஆண்டு 'கிரீச்'சுக்குப் படியெடுத்து வைத்திருந்த மூளை, அதைக் காணாமல் என்னை மூன்று முறை எழுப்பிவிட்டது.

6. முடிவுரை

நிசப்தமும் ஒரு வாரத்தில் பழகிவிடும் என்று தமாகி குழுவின் தரவு ஆறுதல் தருகிறது. மனைவிக்கு அந்தப் பொறுமை இல்லை.

"பேசாம எங்க அம்மா வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் இருந்துட்டு வாங்க. அங்கன்னா பிரமாதமாத் தூங்குவீங்களாமே, அம்மா சொன்னாங்க" என்கிறாள்.

தரவைக் கெடுத்தவன் அதன் பயனை அனுபவித்தே ஆக வேண்டும். நாளைக் காலை பஸ்.