கேமராவுக்கு வழிவிடுங்கள்

சிறுகுடலைப் படமெடுக்கும் கேப்ஸ்யூலை உருவாக்கியவர் இஸ்ரேலின் கேப்ரியல் இடான். ஏவுகணைகளுக்குக் கண் வைத்துக்கொடுத்த பொறியாளர். அப்பேர்ப்பட்ட கண்ணையும் முந்தாநாள் கீரைத் துணுக்கு ஒன்று மறைத்துவிடும். அதனால்தான், பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டைக் கழுவுவதுபோல், குடலைக் கழுவச் சொல்கிறார்கள். இரண்டு லிட்டர் பேதிக் கரைசல். பாக்கெட்டில் எலுமிச்சைப் படம் போட்டிருக்கும். நாக்கு அதை ஒப்புக்கொள்ளாது. நுரையை அடக்க சிமெத்திகோன் வேறு.

இரும்புச்சத்து மாத்திரையைச் சில நாள் முன்பே நிறுத்தவேண்டும்; குடலில் கறுப்பாய் அப்பிக்கொள்ளுமாம். ரத்தசோகைக்குக் காரணம் தேடித்தான் பெரும்பாலும் இந்தச் சோதனையே. அதற்கென்று அதே டாக்டர் எழுதிக்கொடுத்ததுதான் அந்த மாத்திரை!

சரி, இவ்வளவு கழுவினால் நோய் கூடுதலாகப் பிடிபடுகிறதா? நிபுணர்களுக்குள் இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை. டம்ளரை நீட்டுகிற நர்ஸம்மாவுக்கு அந்தச் சந்தேகமெல்லாம் கிடையாது.