பழுதே பரமசுகம்

பழைய ரிமோட் கார் சேகரிப்பவரை எளிதில் அடையாளம் காணலாம். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும்; இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ வீடு; வீட்டில் கராஜ் உண்டு, அதில் நிஜக் காருக்கு இடம் கிடையாது. நிஜக் கார் வெளியே மழையில் நனையும். உள்ளே கண்ணாடி அலமாரியில், ஜப்பானின் ஷிஸுவோகா நகரத்து டமியா கம்பெனி 1983-இல் வெளியிட்ட ‘ஃப்ராக்’ தூசு படாமல் வீற்றிருக்கும். பக்கத்திலே 1984-இன் ‘ஹார்னெட்’, 1979-இன் ‘சாண்ட் ஸ்கார்ச்சர்’. ஸ்டார் ஸ்க்ரூடிரைவரோடு யாராவது நெருங்கினால் அவர் முகம் வெளுத்துவிடும். ஜப்பானிய ஸ்க்ரூவின் தலையில் உள்ள குழி அந்நாட்டுத் தர அளவுப்படி வெட்டப்பட்டது; சாதாரண ஸ்க்ரூடிரைவர் வைத்துத் திருகினால் நழுவி நழுவித் தலையைத் தின்றுவிடும். உண்மைதான். அதைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் மணி நேரம் தேவைப்படுகிறது என்பதுதான் கஷ்டம்.

கேட்டால், “வண்டியைப் பழையபடி ஓட வைக்கணும், அவ்வளவுதான்” என்பார். நம்ப வேண்டாம். வண்டியில் பழுது இருக்க வேண்டும், அது தீரவே கூடாது என்பதுதான் அவருடைய அந்தரங்க ஆசை என்பது என் கட்சி. முதல் சாட்சி டமியா கம்பெனியே. 2004-இல் ஹார்னெட்டையும், 2005-இல் ஃப்ராகையும், 2010-இல் சாண்ட் ஸ்கார்ச்சரையும் அது மறுபடி தயாரித்துக் கடைக்கு அனுப்பியது. சொன்ன லட்சியம் மெய்யென்றால் அன்றோடு அவர் கருவிப்பெட்டியை மூடியிருக்க வேண்டும். அதிலும் பழைய ஃப்ராகுக்கு ஒரு பிரசித்தமான கோளாறு உண்டு. பின்சக்கரத்தைச் சுழற்றும் தண்டின் அறுகோண முனை தேய்ந்து வழுவழுப்பாகும். பிறகு மோட்டார் அலறும், சக்கரம் சும்மா இருக்கும். மறுவெளியீட்டில் கம்பெனி அந்தத் தண்டையே மாற்றிவிட்டது. நம்மவர் மகிழ்ந்தாரா? “ஒரிஜினல் மாதிரி இல்லையே” என்று உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினார். டயரையும் ஸ்டிக்கரையும் கழற்றிப் பழைய வண்டிக்கு மாட்ட வேண்டாமா?

இரண்டாவது சாட்சி, அவர் செய்கிற ‘அப்கிரேட்’. அந்தக் காலத்து வண்டியில் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஒரு சர்வோ தள்ளுகிற உலோகத் தொடுப்பு; மெதுவாகப் போகும்போது மிச்ச மின்சாரம் ரெசிஸ்டரில் சூடாகி வீணாகும். அதை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் கன்ட்ரோலர் வைக்கிறார். 27 மெகாஹெர்ட்ஸ் ரேடியோ போய் 2.4 கிகாஹெர்ட்ஸ் வருகிறது, பிளாஸ்டிக் புஷ் போய் பால் பேரிங் வருகிறது. இதுவரை எல்லாம் நியாயம், நானும் கை தட்டுவேன். ஆனால் இங்கே நிறுத்தினால் வண்டி ஒழுங்காக ஓடித் தொலையுமே! ஆபத்தை உணர்ந்து, 540 மோட்டாரைக் கழற்றி பிரஷ்லெஸ் மோட்டாரைப் பொருத்துகிறார். ஆறு செல் நிக்கல்-காட்மியம் பேட்டரியின் இடத்தில் லித்தியம் பாலிமரை வைக்கிறார். நாற்பது வருஷத்துப் பிளாஸ்டிக் கியர் அந்த வேகத்துக்குப் பல்லை உதிர்க்கிறது. உலோகக் கியர் போட்டால் தண்டு முறுக்கிக்கொள்கிறது. தண்டை மாற்றினால் சஸ்பென்ஷன் கை ஒடிகிறது. அலுமினியக் கை வரவழைத்தால், அதைத் தாங்கிய சேஸிஸ் விரிசல் விடுகிறது. கூட்டுக் குடும்பத்துச் சண்டை போல, பலவீனம் அறை மாறுமே தவிர வீட்டைவிட்டுப் போகாது. இது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? விசை எங்கே போய் முட்டும் என்று படம் போட்டு விளக்கக்கூடியவர் அவர். தெரிந்தே செய்கிறார்.

“பாவம், இளமையைத் தேடுகிறார்” என்று பரிந்து பேசுவோர் உண்டு. 1984-இல் ஹார்னெட் கிடைத்த பையன் என்ன செய்திருப்பான்? ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டிவிட்டு, தெருவுக்குக் கொண்டுபோய் நடைபாதை விளிம்பில் மோதியிருப்பான். அவனைப் போன்றவர்கள் உடைத்துத் தள்ளியதால்தான் நல்ல நிலையில் உள்ள பழைய வண்டிக்கு இன்று இத்தனை கிராக்கி. நம்மவரோ சிமெண்டுத் தரையில் வண்டியை இறக்கவே யோசிக்கிறார். “முதலீடு” என்பார் இன்னொருவர். முதலீட்டுக்காரன் பெட்டியைப் பிரிக்கமாட்டான்; அவன் வேறு ஜாதி, அவனைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வலுவான ஆட்சேபம் மூன்றாவதுதான்: இவர் ஒரு காலத்தின் தொழில்நுட்பத்தைக் காப்பாற்றுகிறார். இதற்குத் தலைவணங்கத்தான் வேண்டும். டிஃபரென்ஷியல் என்றால் என்ன, ஷாக் அப்சார்பருக்குள் எண்ணெய் எதற்கு என்பதை அந்தப் பெட்டிகளில் இருந்த படவிளக்கப் புத்தகங்கள் பல நாட்டுப் பையன்களுக்குக் கையால் செய்து பார்க்கக் கற்றுக்கொடுத்தன. அலமாரியில் அப்படியே நிற்கும் வண்டிகளுக்கு இந்த வாதம் செல்லும். லித்தியம் ஏற்றிக் கியரைப் பொடியாக்கிய வண்டிக்கு எப்படிச் செல்லும்?

ஆகவே, இப்படி ஒருவர் உங்கள் உறவிலோ நட்பிலோ இருந்தால், பிறந்தநாளுக்கு ஓடுகிற காரை வாங்கிக் கொடுத்து அவர் மனசை நோகடிக்காதீர்கள். கியர்பாக்ஸ் மூடியும் ஒரு சக்கரமும் இல்லாத ஃப்ராக் எங்காவது ஏலத்துக்கு வந்தால் எடுத்துக் கொடுங்கள். வேறு எதெல்லாம் காணோம் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.